பலகையில் 6/6, புத்தகத்தில் தடுமாற்றம்



கண் மருத்துவப் பணி என்று எழுதியவுடன் உங்கள் மனதில் எந்தப் படம் எழும் என்பது எங்களுக்குத் தெரியும். கண்புரை நீக்கிய மறுநாள் காலை, கட்டு அவிழ்க்கப்பட்ட ஒரு பாட்டி, எதிரே நிற்கும் பேரனின் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார். மிஷன் மருத்துவமனை மடல்களில் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கும் படம் இது. அது பொய்யான படமும் அல்ல. ஒரு காணிக்கை, ஒரு அறுவை, ஒரு பார்வை என்று கணக்கு நேராக முடிகிற பணி அது. இம்மடலில் நாங்கள் எழுதப்போவதோ அப்படிக் கணக்கு முடியாத ஒரு சிகிச்சையைப் பற்றி. இதில் கத்தியும் இல்லை, மருந்தும் இல்லை, கட்டு அவிழ்க்கும் காலையும் இல்லை. ஆகவே படமும் இல்லை.

இதற்கு 'விஷன் தெரபி' என்று பெயர். தமிழில் பார்வைப் பயிற்சி எனலாம். பெரிய நகரங்களில் வசிக்கும் ஆதரவாளர்கள் சிலர் இந்தப் பெயரை விளம்பரங்களில் பார்த்துவிட்டு, "இது உண்மையான சிகிச்சையா, அல்லது பணம் பறிக்கும் வழியா? நம் பள்ளத்தாக்கின் பிள்ளைகளுக்கு இதனால் பிரயோஜனம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார்கள். இரண்டு கேள்விகளுமே நியாயமானவை. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிட முடியாது என்பதால்தான் இத்தனை பக்கம்.

இரண்டு கண்களுக்கு ஒரே வேலை

இம்மடலைச் சற்றுக் கீழே வைத்துவிட்டு, உங்கள் ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரே ஒரு முழம் தள்ளி நிறுத்துங்கள். விரல் நுனியைப் பார்த்தபடியே அதை மெதுவாக மூக்கை நோக்கிக் கொண்டு வாருங்கள். ஓரிடத்தில் விரல் இரண்டாகத் தெரியும். அதுவரை உங்கள் இரண்டு கண்களும் உள்நோக்கித் திரும்பி, ஒரே புள்ளியைப் பிடித்துக்கொண்டிருந்தன. அந்த இடத்தில் பிடி விட்டுப்போயிற்று. பள்ளிப் பிள்ளைகளுக்கு இந்த இடம் மூக்கிலிருந்து 5 அல்லது 6 சென்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். சில பிள்ளைகளுக்கு அது 10, 15 சென்டிமீட்டர் தள்ளியே வந்துவிடுகிறது. புத்தகம் அதைவிடத் தூரத்தில்தானே இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான். ஆனால் ஒரு மூட்டையை ஒருமுறை தூக்கிக் காட்டுவது வேறு, அதைச் சுமந்துகொண்டு இரண்டு மணி நேரம் நிற்பது வேறு. கையிருப்புத் திறன் குறைவாக உள்ள பிள்ளை முதல் பத்தியை நன்றாகவே படிக்கும். மூன்றாம் பத்தியில் பிடி தளரும்.

கண்கள் குவிவதோடு இன்னொரு வேலையும் கூடவே நடக்கிறது. கண்ணுக்குள் இருக்கும் வில்லை, கிட்டே உள்ள எழுத்து தெளிவாக விழும்படி தடித்துக்கொள்கிறது. பத்து வயதுப் பிள்ளை 8 சென்டிமீட்டர் வரையில் உள்ள எழுத்தையாவது தெளிவாகக் காண முடியவேண்டும். வயது ஏற ஏற இந்தத் திறன் குறைந்துகொண்டே வந்து, நாற்பதைத் தாண்டியதும் வெள்ளெழுத்து என்கிறோம். (இதைப் படிக்கும் உங்களில் பலர் மூக்கில் அதற்கான கண்ணாடி இருக்கும்.) குவிதலும் வில்லை தடிப்பதும் மூளையில் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டவை. ஆகவே குவிப்பு போதாத பிள்ளை, தான் அறியாமலே, வில்லையை அளவுக்கு மீறி இறுக்கிக் கண்களை உள்ளே இழுக்கப் பார்க்கும். அப்போது இரண்டான எழுத்து ஒன்றாகும், ஆனால் மங்கும். விட்டால் இரண்டு, பிடித்தால் மங்கல். இந்த இழுபறியே மாலையில் தலைவலியாக நெற்றியில் வந்து உட்காருகிறது.

இதில் கண் நோய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். விழித்திரை நன்றாயிருக்கிறது, நரம்பு நன்றாயிருக்கிறது, ஒவ்வொரு கண்ணும் தனியாகப் பார்த்தால் நன்றாகவே பார்க்கிறது. சேர்ந்து வேலை செய்வதில்தான் தகராறு. இதனால்தான் இவற்றைச் செயல்பாட்டுக் குறைகள் என்று தனியாகப் பிரித்துப் பேசுகிறார்கள். இவற்றுள் மிகுதியாகக் காணப்படுவதும், நன்கு ஆராயப்பட்டதும் இப்போது நாம் சொன்ன குவிதல் குறைபாடு.

பள்ளிப் பரிசோதனை ஏன் இதைக் கண்டுபிடிப்பதில்லை? பலகை 6 மீட்டரில் மாட்டப்படுகிறது. அவ்வளவு தூரத்தில் கண்கள் குவிய வேண்டிய அவசியமே இல்லை. ஏறக்குறைய இணையாகவே நிற்கின்றன. அதிலும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் படிக்கச் சொல்கிறோம். ஒன்றாக வேலை செய்கின்றனவா என்பது கேட்கப்படாத கேள்வியாகவே போய்விடுகிறது. தமிழக அரசு 2009-ல் தொடங்கிய கண்ணொளி காப்போம் திட்டமும் அதற்கு முன்னும் பின்னும் நடந்த பள்ளி முகாம்களும் தூரப் பொருள் தெரியாத எத்தனையோ பிள்ளைகளுக்குக் கண்ணாடி கொடுத்தன. அந்தப் பணியை நாங்கள் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் '6/6, கண் நன்றாயிருக்கிறது' என்று அட்டையில் எழுதப்பட்ட பிள்ளைகளுக்குள் இவர்களும் இருக்கிறார்கள். அட்டையில் அப்படி எழுதிவிட்ட பிறகு, படிக்கத் திணறும் பிள்ளைக்கு மிஞ்சுவது ஒரே பட்டம்: சோம்பேறி.

பிள்ளை ஏன் சொல்வதில்லை?

பிறந்தது முதல் எழுத்து அப்படித்தான் நகரும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு, அடுத்த பெஞ்சில் இருப்பவனுக்கு எழுத்து அசையாமல் நிற்கிறது என்பது தெரியாது. ஆகவே அது முறையிடுவதில்லை. நாம்தான் பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டும். படிக்கும்போது ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொள்வது, தலையை ஒரு பக்கம் சாய்த்து மேசைமேல் படுத்தவாறு எழுதுவது, வரி தவறுவது, படித்த வரியையே மறுபடி படிப்பது, விரலை வைத்துக்கொண்டு படிப்பது, படிக்க உட்கார்ந்த கால் மணி நேரத்தில் கண்ணைக் கசக்குவது, விளையாட்டில் வராத தலைவலி வீட்டுப்பாடத்தில் மட்டும் வருவது, இவையெல்லாம் அடையாளங்கள். ஓய்வுநாள் பள்ளியில் வசனத்தை மனப்பாடமாகச் சொல்லும் பிள்ளை, வேதாகமத்தைத் திறந்து வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வசனத்தில் தடுமாறுவதைப் பார்த்த ஆசிரியர்கள் உங்களில் இருப்பீர்கள். பொடி எழுத்து, நெருக்கமான வரி, இரண்டு பத்தி அச்சு. இந்தக் குறைபாட்டுக்கு அதைவிடக் கடினமான சோதனை வேண்டியதில்லை.

இத்தகைய அடையாளங்களைப் பதினைந்து கேள்விகளாக்கி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண் இடும் ஒரு படிவமும் உண்டு. பிள்ளைகளில் கூட்டுத்தொகை 16 அல்லது அதற்கு மேல் வந்தால் மேற்கொண்டு சோதிப்பார்கள். படிவம் மட்டும் போதாது. வேறு காரணங்களாலும் பிள்ளைகள் 'ஆம்' என்று சொல்லக்கூடும். கண்ணை அளந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

இது எவ்வளவு பேருக்கு இருக்கிறது? இங்கே வெளிநாட்டுக் கணக்கை நாட வேண்டியதில்லை. சென்னை சங்கர நேத்ராலயாவைச் சேர்ந்த ஜமீல் ரிஸ்வானா உசைன்தீன் அவர்களும் உடன் பணியாற்றியவர்களும், தமிழ்நாட்டின் நகர்ப்புற, கிராமப்புறப் பள்ளிகளில் 7 முதல் 17 வயதுடைய 920 பிள்ளைகளைச் சோதித்து 2017-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். மாறுகண் இல்லாமலே இரு கண் ஒத்துழைப்பில் ஏதோ ஒரு குறை உள்ளவர்கள் நகரத்தில் 31.5 சதவீதம், கிராமத்தில் 29.6 சதவீதம். குவிதல் குறைபாடு மட்டும் நகரத்தில் 16.5, கிராமத்தில் 17.6. நகரத்துப் பிள்ளை அதிகம் படிக்கிறது, திரை பார்க்கிறது, ஆகவே அங்கேதான் இந்தத் தொல்லை என்று எண்ணியிருந்தோருக்கு இந்த எண்கள் யோசிக்க இடம் தருகின்றன. அதே சமயம் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும்: அளவையில் குறை காணப்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் சிகிச்சை தேவை என்பதில்லை. தொந்தரவு இல்லாத பிள்ளையைச் சும்மா விடுவதே நல்லது.

கம்பம் பள்ளத்தாக்கில் இந்தக் கிராமப்புறக் கணக்கு எப்படி வீட்டுக்குள் வருகிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். கூடலூர், கம்பம், போடி பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்குப் போகும் ஜீப்புகள் விடியுமுன் கிளம்பிவிடுகின்றன. தாய் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்துவிடும். பிள்ளை வீட்டுப்பாடம் செய்கிறதா, ஒரு கண்ணை மூடிக்கொண்டு செய்கிறதா என்று பார்க்க ஆள் இல்லை. 'தலைவலி' என்றால் தைலம் தேய்க்கப்படும்; மறுபடியும் என்றால் கடைத்தெருவில் ஒரு கண்ணாடி வாங்கப்படும். எட்டாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்பு என்று எழுத்து பொடியாகி, படிக்கும் நேரம் நீளும்போது தொல்லையும் வளரும். படிப்பு வரவில்லை என்று முடிவு கட்டப்பட்ட பிள்ளைக்குத் திராட்சைத் தோட்டத்தில் வேலை எப்போதும் காத்திருக்கிறது. கண்ணால்தான் படிப்பு நின்றது என்று எல்லாப் பிள்ளைகளைக் குறித்தும் சொல்ல நாங்கள் துணியவில்லை. கண்ணும் ஒரு காரணமாயிருக்குமானால், அது நீக்கக்கூடிய காரணம்.

நூலும் மூன்று மணிகளும்

சிகிச்சை புதியதல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர் எமீல் ஜவால், மாறுகண்ணுக்குக் கத்தி வைப்பதற்குப் பதிலாக ஸ்டீரியோஸ்கோப் கொண்டு பயிற்சி கொடுக்கலாம் என்று முயன்றார். (படிக்கும்போது கண் வரியின்மேல் வழுக்கிச் செல்வதில்லை, தாவித் தாவிச் செல்கிறது என்ற ஆராய்ச்சியும் அவருடைய கூடத்திலிருந்தே வந்தது. அவரே பின்னாளில் கண் நீர் அழுத்த நோயால் பார்வை இழந்தார்.) லண்டனில் மேரி மேடக்ஸ் என்ற பெண்மணி, கண் மருத்துவரான தம் தந்தையிடம் கற்றுக்கொண்டு, 1920-களில் இதை ஒரு தனித் தொழிலாகவே நடத்தினார். அமெரிக்காவில் கண் பரிசோதகர்களான ஆப்டோமெட்ரிஸ்டுகள் இதை எடுத்து விரித்தார்கள். நம் நாட்டில் ஆப்டோமெட்ரிக்கு நான்காண்டுப் பட்டப்படிப்பு 1985-ல் சென்னை எலைட் ஆப்டோமெட்ரி பள்ளியில் தொடங்கியது. தேனியில் அரவிந்த் கண் மருத்துவமனை தொடங்கப்பட்டதும் அதே 1985-ல்தான்.

பயிற்சி அறைக்குள் போனால் நீங்கள் ஏமாந்துபோகலாம். அங்கே காணக்கூடிய மிக முக்கியமான கருவிகளில் ஒன்று ஒரு வெள்ளைக் கயிறும் அதில் கோத்த மூன்று வண்ண மணிகளும். சுவிட்சர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய ஃபிரெடெரிக் பிராக் என்பவரின் பெயரால் அது அழைக்கப்படுகிறது. ஒரு முனையைக் கதவுத் தாழ்ப்பாளில் கட்டி, மறுமுனையைப் பிள்ளை தன் மூக்கின்மேல் பிடித்துக்கொள்ளும். நடு மணியைப் பார்க்கச் சொல்வார்கள். இரு கண்களும் சரியாக அந்த மணியில் சந்தித்தால், மணி ஒன்றாகவும், கயிறு இரண்டாகி அந்த மணியில் குறுக்கே வெட்டிக்கொள்வது போலவும் தெரியும். கயிறுகள் மணிக்கு முன்னாலோ பின்னாலோ வெட்டினால் கண்கள் தவறான தூரத்தில் சந்திக்கின்றன என்று பொருள். ஒரே கயிறுதான் தெரிகிறது என்றால், மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கித் தள்ளிவிட்டது. எவரும் சொல்லாமலே பிள்ளை தன் தவறைத் தானே பார்க்கிறது. அதுவே இந்தக் கயிற்றின் விசேஷம். எங்கள் பக்கத்துக் கடைத்தெருவில் இதற்கான சாமான்கள் அனைத்தும் கிடைக்கும்.

பிறகு மணிக்கு மணி தாவப் பழக்குவார்கள். கூட்டல், கழித்தல் வில்லைகளை மாற்றி மாற்றிக் கண்முன் புரட்டி, பொடி எழுத்தைத் தெளிவாக்கச் சொல்வார்கள்; இது வில்லை தடிப்பதற்கும் தளர்வதற்குமான பயிற்சி. இரு கண்ணுக்கும் சற்றே வேறுபட்ட படங்களைக் காட்டி அவற்றை ஒன்றாக்கச் சொல்லி, படங்களை மெல்ல விலக்குவார்கள். முதல் வாரங்களில் பிள்ளை முயன்று செய்வதைப் பின்வரும் வாரங்களில் முயலாமலே செய்ய வேண்டும். அதுதான் குறி.

கண் தசையைப் பலப்படுத்தும் உடற்பயிற்சி இது என்று சிலர் விளக்குவதுண்டு. அப்படியல்ல. கண்ணைத் திருப்பும் தசைகளுக்குத் தேவையைவிடப் பல மடங்கு பலம் ஏற்கெனவே உண்டு. பழக்கப்படுவது மூளையே. பூக் கட்டப் பழகும் சிறுமியை நினைத்துக்கொள்ளுங்கள். விரலுக்குப் பலம் வந்ததால் அவள் வேகமாகக் கட்டுவதில்லை. கை தானாகப் போகும்படி ஆகிவிட்டது, கண் வேறெங்கோ இருக்கிறது, வாய் பேசிக்கொண்டிருக்கிறது. கண்கள் குவிவதும் அவ்வாறு தானாக நடந்தால்தான் பிள்ளையின் கவனம் பாடத்துக்குப் போகும்.

பன்னிரண்டு வாரம்

இனி சங்கடமான பகுதிக்கு வருகிறோம். சிகிச்சை பலன் தருகிறதா? எப்படிக் கொடுத்தால் பலன் தருகிறது?

அமெரிக்காவில் 9 முதல் 17 வயதுள்ள, குவிதல் குறைபாட்டால் தொந்தரவுப்பட்ட 221 பிள்ளைகளை நான்கு கூட்டமாகச் சீட்டுப் போட்டுப் பிரித்து ஒரு ஆராய்ச்சி செய்தார்கள். முடிவு 2008-ல் வெளிவந்தது. முதல் கூட்டத்தார் வாரம் ஒருமுறை மருத்துவ நிலையத்துக்கு வந்து, பயிற்சியாளர் பக்கத்திலிருக்க ஒரு மணி நேரம் பயின்றார்கள். வீட்டிலும் வாரம் ஐந்து நாள் 15 நிமிடம். இரண்டாம் கூட்டத்தாருக்கு, பென்சிலை மூக்கை நோக்கிக் கொண்டுவரும் பழைய பயிற்சி, வீட்டில் மட்டும். மூன்றாம் கூட்டத்தாருக்கு வீட்டில் கணினிப் பயிற்சியும் பென்சிலும். நான்காம் கூட்டத்தார் முதல் கூட்டத்தைப் போலவே வாராவாரம் வந்தார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுத்தது சிகிச்சையைப் போல் தோற்றமளிக்கும் போலிப் பயிற்சி. பன்னிரண்டு வாரம் முடிந்தபோது முதல் கூட்டத்தில் 73 சதவீதம் பேர் குணமடைந்தோ தேறியோ இருந்தார்கள். வீட்டில் பென்சில் பிடித்தவர்களில் 43, கணினிக் கூட்டத்தில் 33, போலிப் பயிற்சி பெற்றவர்களில் 35.

கடைசி எண்ணைச் சற்று நிறுத்திப் பாருங்கள். ஒன்றுமில்லாத பயிற்சி செய்தவர்களிலும் மூன்றில் ஒருவர் தேறியிருக்கிறார். ஒருவர் பரிவோடு வாராவாரம் கவனித்ததும், நாள் கடந்ததும், நல்லது நடக்கும் என்ற எதிர்பார்ப்பும் அந்த அளவுக்கு வேலை செய்கின்றன. ஆகவே 'என் பிள்ளைக்கு இதனால் குணமாயிற்று' என்று ஒரு தாய் சாட்சி சொல்வதை மட்டும் வைத்து எந்தக் கண் சிகிச்சையையும் எடைபோட முடியாது; எங்களுடையதையும் முடியாது. வீட்டில் செய்த பயிற்சிகள் போலியை விட அதிகம் முந்தவில்லை. பக்கத்தில் ஆள் இருந்து கொடுத்த பயிற்சி மட்டும் தெளிவாக முந்தியது. மலிவானது, எளிதில் அனுப்பக்கூடியது எதுவோ அதுவல்ல, பிள்ளை திரும்பத் திரும்ப வந்து பெறுவதே பலித்தது. நாங்கள் விரும்பியிருக்கக்கூடிய முடிவு அதுவல்ல. ஒரு கயிற்றையும் ஒரு துண்டுச் சீட்டையும் கொடுத்து அனுப்பிவிட்டால் எங்களுக்கு எவ்வளவு சுலபம்!

எதற்கு உதவாது?

இந்தச் சிகிச்சையின் பெயரால் விற்கப்படும் மற்ற சங்கதிகளைச் சொல்லாமல் விட்டால் இக்கட்டுரை பாதிதான். பிள்ளை மந்தமாயிருக்கிறது, மதிப்பெண் குறைகிறது, எழுத்துக்களை மாற்றிப் படிக்கிறது, ஒரிடத்தில் உட்கார்வதில்லை என்று வரும் பெற்றோரிடம், மாதக்கணக்கில் பயிற்சி, பெருந்தொகை, விலையுயர்ந்த திரைக்கருவி என்று பேசப்படுவதுண்டு. இதில் எங்கள் கருத்து திட்டமானது. டிஸ்லெக்சியா என்னும் வாசிப்புக் குறைபாடு மொழியைக் கையாளும் மூளைப் பகுதிகளைச் சேர்ந்தது, கண்ணைச் சேர்ந்ததல்ல. கண் பயிற்சியால் அது தீரும் என்பதற்கு விஞ்ஞானச் சான்று இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களும் கண் மருத்துவர்களும் 2009-ல் கூட்டறிக்கை விட்டார்கள். முன்சொன்ன ஆராய்ச்சியாளர்களே மறுபடி 311 பிள்ளைகளைக் கொண்டு 16 வாரம் நடத்திய சோதனையில், குவிதல் குறைபாட்டுக்குப் பயிற்சி பெற்றவர்களின் வாசித்துப் புரிந்துகொள்ளும் திறன் போலிப் பயிற்சி பெற்றவர்களைவிட மேலாக உயரவில்லை. 2019-ல் அதை அவர்களே வெளியிட்டார்கள். தங்களுக்குச் சாதகமில்லாத முடிவையும் மறைக்காமல் அச்சிட்டது பாராட்டத்தக்கது.

அப்படியானால் எதற்கு இந்தச் சிரமம் என்று கேட்பீர்கள். தலைவலி இல்லாமல் படிப்பது ஒரு பலன். எழுத்து ஒன்றாக நிற்பது ஒரு பலன். அதற்கு மேல் வாசிக்கக் கற்றுக்கொடுப்பது ஆசிரியரின் வேலை. அதைக் கயிறும் மணியும் செய்யா.

கிட்டப்பார்வைக்கும் இது உதவாது. கண்ணைச் சுழற்றினால், வெயிலைப் பார்த்தால், கண்ணாடியைக் கழற்றிவிடலாம் என்ற போதனை அமெரிக்காவில் பேட்ஸ் என்ற மருத்துவர் 1920-ல் எழுதிய நூலின் வழியே பரவி, நம் நாட்டிலும் வேரூன்றியது. கிட்டப்பார்வை என்பது பெரும்பாலும் கண் விழி நீண்டுபோவதால் வருவது. நீண்ட விழியைப் பயிற்சி சுருக்காது. சூரியனை உற்றுப் பார்ப்பதோ விழித்திரையை எரித்துவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் யாராவது இப்படிச் சொன்னால் தயவுசெய்து தடுத்துவிடுங்கள்.

மாறுகண்ணும், சோம்பேறிக் கண் என்று பேச்சுவழக்கில் சொல்லப்படுவதும் தனிக் காரியங்கள். அவற்றுக்குக் கண்ணாடி, நல்ல கண்ணை நாள்தோறும் சில மணி நேரம் மறைத்து வைத்தல், தேவைப்பட்டால் அறுவை, இவையே முதல் சிகிச்சை. அங்கே வயது மிக முக்கியம், ஏழு வயதுக்கு முன் வருவதே மேல். 'வளர வளரச் சரியாகும், அதிர்ஷ்டக் கண்' என்று தள்ளிப்போடுவதால் போய்விடும் பார்வைகள் உண்டு. மேலும், நேற்றுவரை இல்லாத இரட்டைப் பார்வை இன்று திடீரென வந்தாலோ, தலையில் அடிபட்ட பின் வந்தாலோ, அது பயிற்சி அறைக்கு உரியது அல்ல. அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். நரம்பிலோ மூளையிலோ கோளாறு இருக்கலாம்.

கம்பத்திலிருந்து பன்னிரண்டு முறை

குறை சாதாரணமானது, கருவி மலிவானது, சிகிச்சை இன்னதென்று தெரிந்தது. பிறகு என்ன தடை? பஸ்ஸில் ஏறிப் பாருங்கள். கம்பத்திலிருந்து தேனிக்கு ஏறக்குறைய 40 கிலோமீட்டர். கூடலூரிலிருந்தோ மலையடிவாரக் கிராமத்திலிருந்தோ என்றால் இன்னும் அதிகம். சிறப்புக் கண் பிரிவைத் தேடி மதுரைக்கு என்றால் ஒரு நாள் முழுவதும் போய்விடும். 2010-ன் முடிவில் அகலப் பாதைப் பணிக்காக நிறுத்தப்பட்ட ரயில் 2022-ல் தேனிக்கும் 2023-ல் போடிக்கும் திரும்ப வந்தது ஒரு உதவி. ஆனால் சின்னமனூருக்கும் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் தண்டவாளம் இல்லை. பிள்ளையோடு தாய் வரவேண்டும். தாய் வந்தால் அன்றைய கூலி இல்லை. ஒரு முறை என்றால் கடன் வாங்கியாவது வருவார்கள். கண்புரைக்கு அப்படித்தான் வருகிறார்கள். பன்னிரண்டு முறை என்பது வேறு கணக்கு. இரண்டாம் மூன்றாம் வாரத்திலேயே தலைவலி சற்றுக் குறைந்துவிட்டால், 'சரியாகிவிட்டது' என்று நின்றுவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வரவில்லை.

தூரத்தை வெல்ல முடியாது என்பதில்லை. 2000-களின் நடுவில் தேனி அரவிந்த் மருத்துவமனையும், அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகப் பொறியியலாளர்களும், இன்டெல் நிறுவனமும் சேர்ந்து, நெடுந்தூர வைஃபை மூலம் இப்பகுதிச் சிற்றூர்களின் பார்வை மையங்களைத் தேனி மருத்துவமனையோடு இணைத்தார்கள். கிராமத்து மையத்தில் பயிற்சி பெற்ற ஊழியர் கண்ணைச் சோதிப்பார். தேனியில் இருக்கும் மருத்துவர் திரையில் நோயாளியோடு பேசி முடிவு சொல்வார். எத்தனையோ பஸ் பயணம் மிச்சமாயிற்று. பார்வைப் பயிற்சிக்கும் இதே வழி ஓரளவு பொருந்தும் என்று நினைக்கிறோம்: பரிசோதனையும் திட்டமும் மேலிருந்து, பயிற்சி ஊருக்குப் பக்கத்தில். ஆனால் ஊருக்குப் பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். கயிறு எங்கே வெட்டுகிறது என்று பிள்ளையிடம் கேட்டு, அது சொல்லும் பதிலைப் புரிந்துகொண்டு, மணியை ஒரு அங்குலம் நகர்த்தும் ஆள். வீட்டில் தனியே விட்ட கூட்டத்தார் ஏன் தேறவில்லை என்பதற்கு இதுதான் விளக்கம் என்று எங்களுக்குத் தோன்றுகிறது.

ஆகையால் பார்வைப் பயிற்சிக்கென்று உதவ விரும்புகிறவர்களிடம் நாங்கள் கருவி கேட்கவில்லை. வெளிநாட்டிலிருந்து ஒரு பெரிய கணினிக் கருவியை வாங்கித் தரட்டுமா என்று அன்போடு கேட்பவர்களுக்கும் இதே பதில். தேவைப்படுவது மூன்று: ஒரு ஆப்டோமெட்ரிஸ்டின் சனிக்கிழமை நேரம்; அவரிடம் பழகிப் பக்கத்து ஊரில் பயிற்சி கொடுக்கக்கூடிய ஒரு பெண்ணின் சம்பளம்; பிள்ளைக்கும் தாய்க்கும் பன்னிரண்டு வாரத்துப் பஸ் கட்டணமும், தாய் இழக்கும் கூலியில் ஒரு பங்கும். மே மாத விடுமுறையில் தொடங்கினால் முதல் ஐந்தாறு வாரம் பள்ளி தவறாது. மிச்சத்தைச் சனிக்கிழமைகளில் முடிக்கலாம்.

நகரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் பேரப்பிள்ளைக்கு யாராவது இந்தப் பயிற்சியைச் சிபாரிசு செய்தால் பயப்படவும் வேண்டாம், உடனே பணம் கட்டவும் வேண்டாம். எந்த அளவையில் குறை கண்டீர்கள், அந்த எண் என்ன என்று கேளுங்கள். எத்தனை வாரத்தில் மறுபடி அளப்பீர்கள், எண் மாறாவிட்டால் என்ன செய்வீர்கள் என்றும் கேளுங்கள். நேர்மையாகச் செய்கிறவர்கள் இந்தக் கேள்விகளால் வருத்தப்படுவதில்லை. மூன்று மாதம், நான்கு மாதம் என்று முடிவு தேதி சொல்லாமல் 'வருடக்கணக்கில் வரவேண்டும்' என்பவரிடமிருந்து பிள்ளையை அழைத்துக்கொண்டு வேறொரு மருத்துவரிடம் செல்லுங்கள்.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியர்களும், சபை விடுதிகளில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிறவர்களும், முன்சொன்ன அடையாளங்கள் உள்ள பிள்ளைகளின் பெயர்களை எழுதி வைத்துக்கொண்டு, அடுத்த கண் முகாமின்போது எங்கள் ஊழியரிடம் கொடுங்கள். பலகையில் 6/6 வந்த பிள்ளைகள் என்றாலும் கொடுங்கள். பழைய கண்ணாடி, பழைய சீட்டு ஏதேனும் இருந்தால் பிள்ளை அதைக் கையோடு கொண்டுவரட்டும். காணிக்கை அனுப்புகிறவர்கள் 'பயணப்படி' என்று ஒரு வார்த்தை குறிப்பிட்டால் போதும். அது பஸ் கட்டணத்துக்கும் கூலிக்கும் மட்டுமே செலவிடப்பட்டு, தனிக் கணக்காக எழுதப்படும்.